ராணி சுமந்து வரும் தோட்டம்

இலைவெட்டி எறும்பு, தான் வெட்டும் இலையைத் தின்பதில்லை. இலைத்துண்டைக் கூட்டுக்குக் கொண்டுபோய், நறுக்கி, மென்று, ஈரக் கூழாக்கி, அந்தக் கூழின் மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை இழைகளின் நுனியில் திரளும் சின்னஞ்சிறு உருண்டைகளே எறும்புப் புழுக்களின் உணவு. அட்டா, அக்ரோமிர்மெக்ஸ் ஆகியவை இவ்வெறும்புகளின் முக்கியமான இரண்டு பேரினங்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் முதல் ஆர்ஜென்டினா வரையுள்ள நிலப்பரப்பில் மட்டுமே இவை இயற்கையாக வாழ்கின்றன. ஆசியாவில் இல்லை, இலங்கையிலும் இல்லை. நுவரெலியா வீட்டுத் தோட்டங்களில் ரோஜா இலைகளின் ஓரம் வட்டமாக நறுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து எறும்பின் மேல் பழி போடுவார் உண்டு. அது இலைவெட்டித் தேனீயின் வேலை; நறுக்கிய துண்டைக் கொண்டு அது தன் முட்டைக்கு அறை கட்டுகிறது.

எறும்புகள் இத்தனை இலையை எதற்காகச் சுமக்கின்றன என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. நிக்கரகுவாவில் சுரங்க வேலையில் இருந்த தோமஸ் பெல்ட், கூடுகளைத் தோண்டிப் பார்த்து, இலை உரமாகத்தான் போகிறது, எறும்புகள் உண்மையில் காளான் பயிரிடுவோர் என்று 1874இல் எழுதினார். பிரேசிலில் ஆய்வு செய்த அல்பிரெட் மொல்லர் 1893இல் அதை விரிவாக நிறுவினார். அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. புதுக்கூடு கட்டப் புறப்படும் ராணி தன்னந்தனியாகப் போகிறாள். அவளுடைய தோட்டத்துக்கு முதல் விதை எங்கிருந்து வருகிறது?

அது அவள் வாயிலேயே இருக்கிறது. எறும்பின் வாய்க்குள், தொண்டைக்கு முன்னால் ஒரு சிறு பை உண்டு. தாய்க்கூட்டை விட்டுப் பறக்குமுன் ராணி பூஞ்சையில் ஒரு துணுக்கைக் கடித்து அந்தப் பையில் அடக்கிக்கொள்கிறாள். பிரேசிலில் வாழ்ந்த இஹெரிங் இதை 1898இல் கண்டார். அமேசான் கழிமுகத்திலுள்ள பெலெம் நகரில் ஜாக்கப் ஹூபர் ராணிகளை அடைத்து வைத்துப் பார்த்து, அடுத்து நடப்பதை 1905இல் விவரித்தார். வானத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடிவிட்டு ராணி தரையிறங்குகிறாள், சிறகுகளைக் கழற்றி எறிகிறாள், மண்ணைக் குடைந்து ஓர் அறை அமைத்து வாயிலை அடைத்துக்கொள்கிறாள். பிறகு துணுக்கைத் துப்புகிறாள். ஒரு குண்டூசித் தலையளவுகூட இராத அந்தத் துணுக்குதான் பிற்காலத்தில் இலட்சக்கணக்கான எறும்புகளுக்குச் சோறு போடப் போகிறது. அறைக்குள் இலை கிடையாது. ஆகவே பூஞ்சையில் ஓர் இழையைப் பிய்த்து, வயிற்றை முன்னே வளைத்து, இழையைத் தன் பின்நுனியில் வைத்து மஞ்சள் நிறக் கழிவுநீர் ஒரு துளியை அதன்மேல் விட்டு, பழைய இடத்திலேயே பதித்து முன்காலால் அழுத்துகிறாள். மணிக்கு ஓரிரு முறை இது நடக்கும். இடும் முட்டைகளில் பெரும்பகுதியைத் தானே தின்றும் புழுக்களுக்கு ஊட்டியும் நாள் கழிக்கிறாள். பயனற்றுப் போன பறப்புத் தசைகள் உடலுக்குள்ளேயே கரைந்து உணவாகின்றன. முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவந்து, வாயிலைத் திறந்து, முதல் இலையைக் கொண்டுவரும்போது இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகியிருக்கலாம்.

மேலே சொன்னது அட்டா ராணியின் முறை. அக்ரோமிர்மெக்ஸ் ராணி அவ்வப்போது வெளியே வந்து தானே இலை தேடுவாள். இந்த வேறுபாடு தெரியாமல் ராணியைப் பிடிப்பவர் அவளைப் பட்டினி போட்டே கொன்றுவிடுவார்.

சொந்த நாடுகளில் இவ்வெறும்பைப் பிடிப்பதில் வித்தை ஏதுமில்லை. மழைக்காலம் தொடங்கி ஓரிரு நல்ல மழை பெய்ததும் கூடுகளிலிருந்து ராணிகளும் ஆண்களும் கூட்டங்கூட்டமாகப் புறப்படும். கொலம்பியாவின் சன்டாண்டர் மாகாணத்தில் ஊரே திரண்டு ராணிகளைப் பொறுக்கி வறுத்துத் தின்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஈசலை வறுப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வளர்ப்பதற்காகப் பிடிப்பவர் கவனிக்க வேண்டியவை வேறு. சிறகோடு கூட்டு வாயிலில் நிற்கும் ராணி இன்னும் கூடாதவள். அவளை எடுத்தால் வீண். சிறகு கழன்று, தரையில் அவசரமாக இடம் தேடுபவளே ஏற்றவள். கையில் எடுத்து அலைக்கழித்தால் துணுக்கைத் துப்பி இழந்துவிடுவாள். ஈரமான சாந்துத் தளமுள்ள சிறு பெட்டியில் விட்டு, இருட்டில் வைத்து, தொடாமல் இருக்க வேண்டும். துணுக்கு காய்ந்தாலோ அழுகினாலோ, அதே இனத்தின் வளர்ந்த கூட்டிலிருந்து பூஞ்சை எடுத்து வைத்தால் சில சமயம் தப்புவாள். இயற்கையில்கூட நிலத்தில் இறங்கும் ராணிகளில் மிகச் சிலவே கூட்டை நிலைநிறுத்துகின்றன.

கூடு பெருத்தபின் வளர்ப்பவரின் வேலை எறும்பைப் பார்ப்பது அல்ல, பூஞ்சையைப் பார்ப்பதுதான். பூஞ்சைக்கு ஏறத்தாழ 25 பாகை வெப்பமும் எப்போதும் நீங்காத ஈரமும் வேண்டும். குறைந்தது மூன்று பெட்டிகள் தேவை: ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று இலை வைப்பதற்கு, ஒன்று குப்பைக்கு. குப்பை அறை ஒதுங்கியிருக்க வேண்டும். இவ்வெறும்புகளே கழிவை ஒதுக்குவதில் கடுமையான ஒழுங்கு உடையவை, ஏனெனில் எஸ்கோவோப்சிஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை புகுந்தால் தோட்டம் முழுவதும் அழியும். அக்ரோமிர்மெக்ஸ் எறும்புகளின் மேல்தோலில் வாழும் பாக்டீரியா ஒன்று அந்த ஒட்டுண்ணிக்கு எதிரான மருந்தைச் சுரக்கிறது என்று கமரன் கரியும் அவரது குழுவினரும் 1999இல் காட்டினார்கள். மனிதன் பெனிசிலினைக் கண்டறியப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே எறும்பு அந்த வழியைக் கண்டிருந்தது என்பது இந்தத் துறையின் மிகப் பெரிய வியப்புகளில் ஒன்று. பூச்சிமருந்து தெளித்த இலையை ஒரே ஒருமுறை வைத்தாலும் பூஞ்சை சாகும். பூஞ்சை செத்தால் கூடும் சாகும். பெரும்பாலும் கூட்டுக்கு ஒரே ராணி. அவள் இறந்தால் வேறொருத்தியை வேலைக்காரிகளால் உண்டாக்க முடியாது.

இத்தகைய கூடுகள் ஐரோப்பாவில் விலைக்குக் கிடைக்கின்றன. மிருகக்காட்சிச் சாலைகளிலும் இருக்கின்றன. இலங்கையின் மலையகத்துக்கு அவற்றைக் கொண்டுவருவது பெருங்கேடு. 1954இல் கரீபியன் தீவான குவாதலூப்புக்குள் ஓர் அக்ரோமிர்மெக்ஸ் இனம் புகுந்தது. அது அங்கிருந்து போகவே இல்லை. பயிர்களையும் காட்டுப் பன்னங்களையும் அது வெட்டுகிறது. எறும்போடு கூடவே பூஞ்சையும் பாக்டீரியாவும் வருகின்றன. வெளியிலிருந்து வந்த ஒரு பூஞ்சை என்ன செய்யும் என்பதற்கு மலையகமே சாட்சி: 1869இல் தோன்றிய கோப்பி இலைத்துரு நோய் இருபது ஆண்டுக்குள் இந்த மலைகளின் கோப்பியை வேரோடு சாய்த்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிய தேயிலை, அந்த அழிவின் இடத்தில்தான் பரவியது. பயிருக்குத் தீங்கான உயிர்களை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவதை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

பூஞ்சை பயிரிடும் பூச்சியைப் பார்க்க மலையகத்தார் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. இரண்டு வகை இங்கேயே உண்டு. முதலாவது கறையான். கறையானில் ஒரு துணைக்குடும்பம் நிலத்தடியில் மரத்தூளையும் சருகையும் கொண்டு கடற்பஞ்சு போன்ற அடைகளைக் கட்டி, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கிறது. மழைக்குப் பின் புற்றின் மேல் தலைகாட்டும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் பூவேதான். இதைப் பற்றிய மிகப் பழைய அறிவியல் குறிப்புகளில் ஒன்று தமிழ் மண்ணிலிருந்து வந்தது: தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த யொஹான் கேர்ஹார்ட் கோனிக், தஞ்சைப் பகுதியில் புற்றுகளை ஆராய்ந்து 1779இல் கட்டுரை வெளியிட்டார். எறும்பு ராணியிலிருந்து கறையான் இணை ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகிறது. ஆசியாவின் பெரும்பாலான பூஞ்சைக் கறையான்கள் பறக்கும்போது பூஞ்சையைச் சுமப்பதில்லை; முதல் வேலைக்காரர்கள் வெளியே போய், காளான் உதிர்த்த வித்துக்களைத் தேடிக் கொண்டுவரவேண்டும். கீழ்நாட்டிலும் நடுநாட்டிலும் இவை மிகுதி. நுவரெலியாவை நெருங்க நெருங்கக் குறையும். மேல்நாட்டில் உயிருள்ள தேயிலைச் செடியின் தண்டுக்குள் வாழும் கறையான் வேறு வகை. அது மரத்தையே தின்கிறது, பூஞ்சை வளர்ப்பதில்லை.

இரண்டாவதும் இலைவெட்டி ராணிக்கு மிக நெருங்கியதும் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு. தோட்டத்தில் அதை ‘ஷொட் ஹோல் போரர்’ என்றே சொல்கிறார்கள். 1868இல் ஐக்ஹோஃப் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு அதற்கு அறிவியல் பெயரிட்டார்; 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது தேயிலையின் கொடிய பகையாகிவிட்டது. பெண் வண்டு கறுப்பு. நீளம் இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் போகாது. ஆண் அதைவிடச் சிறியது, பறக்கத் தெரியாதது, பிறந்த துளையை விட்டுப் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. கூடியபின் பெண் தனியாகப் பறந்து, பென்சில் பருமனுள்ள ஒரு தண்டில் இறங்கித் துளைக்கத் தொடங்குகிறது. அதன் வாயருகே இரு சிறு பைகள். அவற்றில் தாய்த்துளையிலிருந்து எடுத்த பூஞ்சை. துளைச் சுவரில் அதை ஊன்றுகிறது. பூஞ்சை சுவரெங்கும் பரவியபின் முட்டையிடுகிறது. புழுக்கள் மரத்தைத் தின்பதில்லை, சுவரில் முளைத்த பூஞ்சையை மேய்கின்றன. வெப்பமான பகுதியில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புது வண்டுகள் உருவாகும். அவற்றில் பெரும்பாலானவை பெண், ஒன்றிரண்டே ஆண். அண்ணன் தங்கை உள்ளேயே கூடி, பெண்கள் வாயில் பூஞ்சையோடு வெளியேறுகின்றன. எறும்புக்கும் வண்டுக்கும் உறவு மிகத் தொலைவு. வாய்ப்பையில் பயிரை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்படும் தாய் என்ற ஏற்பாட்டை இரண்டும் தனித்தனியே கண்டடைந்திருக்கின்றன.

இந்த வண்டின் பூஞ்சைக்கு அறிவியல் பெயரிட்டவர்கள் காட், லூஸ் என்ற இருவர். 1947இல் அவர்கள் வெளியிட்ட விவரிப்பு இலங்கைத் தேயிலையிலிருந்து எடுத்த பூஞ்சையைப் பற்றியது. இலங்கையில் இத்தகைய ஆய்வுகளை நடத்தும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இயங்குகிறது. வண்டின் சேதம் அது தின்பதால் வருவதல்ல. துளை தண்டைச் சுற்றி வளையமாகப் போவதால், கொழுந்து பறிப்பவர் செடிகளுக்கு இடையே நுழைந்து போகையில் வாது அந்த இடத்தில் முறிந்துவிடும். 1950களின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அதுவரை அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு பெருகியது; ஜாவாவிலிருந்து 1930களில் கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவி அந்தப் புழுவை அடக்கி வைத்திருந்தது, மருந்து அந்தக் குளவியைக் கொன்றுவிட்டது. அந்த மருந்தைக் கைவிட நேர்ந்தது.

வண்டின் தோட்டத்தைக் காண விரும்புபவருக்குக் கவ்வாத்துக் காலமே ஏற்றது. வெட்டிப் போட்ட மிலாறை விறகுக்குக் கட்டிக்கொண்டு வருவார்கள். அதில் குண்டூசி நுழையும் அளவு துளையுள்ள குச்சியைத் தேடி, கத்தியால் நீளவாக்கில் பிளந்தால், வெளிர் மரத்தில் கறுப்பேறிய சுரங்கமும் அதன் சுவரில் வெண்மையான மெல்லிய பூச்சும் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள் பூச்சின் மேல் கிடக்கும். சில சமயம் தாய் வண்டு வாயிலை உடலால் அடைத்தபடி நிற்கும். பார்த்தபின் குச்சியை அடுப்பில் போட்டுவிட வேண்டும். இவ்வண்டை வீட்டில் வளர்ப்பது ஆய்வுகூடத்துக்குரிய வேலை, பொழுதுபோக்கு அல்ல: தப்பிய ஒரு தாய் அடுத்த மலையில் புதுத் தோட்டம் போடும். இதன் நெருங்கிய இனங்கள் கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் புகுந்து அவகாடோ மரங்களைச் சேதப்படுத்தியிருக்கின்றன.

மலையகத்தில் வளர்ப்பதற்கு ஏற்றவை உள்ளூர் எறும்பு ராணிகளே. இலங்கையில் இருநூறுக்கு மேற்பட்ட எறும்பினங்கள் பதிவாகியுள்ளன. பூண்டுலோயாவில் தோட்டக்காரராக இருந்து பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரான ஈ. ஈ. கிரீன் சேகரித்த எறும்புகள், எறும்புகளைப் பற்றி பிங்காம் எழுதிய 1903ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றன. ஆகவே இம்மலைகளின் எறும்புகள் உலக அறிவியலுக்குப் புதியவை அல்ல. பறப்புக் காலம் பருவ மழைகளுக்கு இடைப்பட்டது: மார்ச், ஏப்ரலில் ஒருமுறை, ஒக்டோபர், நவம்பரில் மறுமுறை. பிற்பகலில் இடியோடு மழை பெய்து, காற்று அடங்கி, புழுக்கம் கூடிய மாலையில் ராணிகள் தொழிற்சாலை விளக்குகளையும் லயத்து வாசல் விளக்குகளையும் தேடிவரும். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவ மழை நாட்கணக்கில் சாரலாக விழும்போது ராணிகளை எதிர்பார்க்க வேண்டாம்.

விளக்கடியில் விழுவது எல்லாம் எறும்பு ராணி அல்ல. ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு கிடையாது, உணர்கொம்பு நேராக மணிமாலைபோல் இருக்கும். எறும்புக்கு முன்சிறகு நீளம், இடுப்பு ஒடுங்கியது, உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்தது. ஆண் எறும்பின் தலை சிறியது. ராணிக்கு மார்பு தடித்திருக்கும். சிறகு கழன்றபின் மார்பின் இருபுறமும் தழும்பு தெரியும். அந்தத் தழும்பே அவள் பெரும்பாலும் கூடியவள் என்பதற்கு அடையாளம். எல்லா இனத்துக்கும் இப்படி ராணி இல்லை. மலைக்காடுகளின் ஓரத்தில் காணப்படும் டயகம்மா என்ற கறுப்பு எறும்பில் ராணியே கிடையாது. வேலைக்காரிகளில் ஒருத்தி முட்டையிடுகிறாள்.

தொடக்கத்துக்கு ஏற்றது கட்டெறும்பு வகையைச் சேர்ந்த கம்பனோட்டஸ் ராணி. அவள் அட்டா ராணியைப்போல அடைபட்டு, உணவின்றி முதல் குஞ்சுகளை வளர்ப்பவள். ஆனால் பூஞ்சைத் தொல்லை இல்லை. கண்ணாடிக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பஞ்சால் இறுக அடைத்து, மீதி இடத்தில் ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடினால் போதும். நீர் பக்கத்துப் பஞ்சு அறையை ஈரமாக வைத்திருக்கும். குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றி, அதிர்வில்லாத இடத்தில் வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் திறந்து பார்ப்பது அவளை முட்டையைத் தின்ன வைக்கும். பிடித்தவரின் ஆவலே இப்பொழுதுபோக்கில் அதிக ராணிகளைக் கொல்கிறது.

மலையகத்தில் குளிர் ஒரு தனிச் சிக்கல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை அளவிலேயே இருக்கிறது. தை மாதத்தில் புல்மேல் உறைபனி படிவதும் உண்டு. சமவெளியில் ஒரு மாதத்தில் வெளிவரும் வேலைக்காரி இங்கே இரண்டு மூன்று மாதம் எடுக்கலாம். அடுப்புச் சுவருக்கு மறுபக்கம் போன்ற மிதமான சூடுள்ள இடம் உதவும். குழாயின் ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால், ராணி தனக்கு ஒத்த இடத்தைத் தானே தேர்வாள். முதல் வேலைக்காரிகள் மிகச் சிறியவையாகவே இருக்கும். அது நோய் அல்ல. அவை வந்தபின் சீனித் தண்ணீர் ஒரு துளியும் கொன்ற சிறு பூச்சி ஒன்றும் போதும். மருந்து அடித்த மலையிலிருந்து பிடித்த பூச்சியைக் கொடுக்கக் கூடாது. கூடு பெருத்ததும் சாந்தால் வார்த்த கூட்டுக்கு மாற்றலாம். ஜோன் லபக் இங்கிலாந்தில் கண்ணாடித் தட்டுகளுக்கு இடையே வளர்த்த ஒரு ராணி ஏறத்தாழ 15 ஆண்டு உயிர் வாழ்ந்தாள். ராணியைப் பிடிப்பவர் இந்தக் கால அளவை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது.

பிடிக்கும் இடத்துக்கும் எல்லை உண்டு. ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக்காடு, ஹக்கல போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகள் தோட்டங்களை ஒட்டியே இருக்கின்றன. அங்கிருந்து ஒரு பூச்சியையும் எடுக்கக் கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்புவது இன்னும் பாரதூரமானது. 2023 மே மாதம் யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்ட இரு இத்தாலியர்களுக்கு 2024 செப்டெம்பரில் நீதிமன்றம் 6 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025இல் கென்யாவின் நைவாஷாவில், பஞ்சடைத்த குழாய்களில் ஏறத்தாழ 5,000 அறுவடை எறும்பு ராணிகளை வைத்திருந்த இரு பெல்ஜிய இளைஞர்களுக்குத் தலைக்குப் பத்து இலட்சம் ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. ஐரோப்பியச் சந்தையில் அந்த ராணி ஒன்று அப்போது நூறு பவுணுக்கு மேல் போனது. இலங்கைக்கே உரிய அனியூரேட்டஸ் சிமோனி, ஒரு முழுத் துணைக்குடும்பத்தில் எஞ்சிய ஒரே உயிருள்ள இனம். 1955இல் எட்வர்ட் வில்சன் இரத்தினபுரிப் பக்கத்தில் அதைத் தேடிக் கண்டார். அருகிவரும் அத்தகைய எறும்பு விற்பனைக்குப் போகத் தொடங்கினால் மீளாது.

தோட்டத்தில் பொதுவாகக் காணும் இனத்தின் ராணி ஒன்றை எடுப்பதால் அந்த இனத்துக்கு இழப்பு இல்லை. எடுத்த நாள், நேரம், மலையின் பெயர், ஏறத்தாழ உயரம், அன்றைய மழை ஆகியவற்றைக் குழாயின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் கூட்டைக் கொண்டுபோய் விடவேண்டிய இடமும் அதுவே: பிடித்த அதே மலை. கொழும்பில் பிடித்ததை அட்டனிலோ, அட்டனில் பிடித்ததை ஹோர்ட்டன் சமவெளி ஓரத்திலோ விடக் கூடாது.